பாவம் என்றாள் ஷாமினி

பார்க்க வருகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். முதல் கேள்வி, எப்படி ஆரம்பித்தது. அதற்குச் சுருக்கமான பதில் உண்டு. ஒரு நாள் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாவதை யாரும் கேள்வியாகக் கேட்பதில்லை. "ஆண்டவர்தான் கூடவே இருந்து தாங்கியிருக்காரு, இல்ல?" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டிவிடுகிறேன். தலையாட்ட முடிவதே இப்போதைக்குப் பெரிய விஷயம். ஆனால் அந்தத் தலையாட்டல் முழு உண்மை இல்லை. இந்த மறுவாழ்வு மையத்தில் மதியச் சாப்பாட்டுக்கும் மாலைப் பயிற்சிக்கும் நடுவே கொஞ்சம் ஓய்வு தருகிறார்கள். வலது கையின் ஒரு விரல் தட்டச்சு செய்யும் அளவுக்குத் தேறியிருக்கிறது. இரண்டாவது கேள்விக்கான பதிலை அந்த ஒரு விரலால் எழுதுகிறேன்.

என் பெயர் அமலி. டெக்சஸில், இர்விங்கில் இருக்கிறேன். வேலை லாஸ் கொலினாஸில், கணினித் துறையில். சொந்த ஊர் தூத்துக்குடி. அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனது நான்தான், கல்லூரி போனதும் நான்தான். கையைப் பிடித்து யாரும் என்னை மேலே தூக்கிவிடவில்லை. மாதா கோயிலில் நடந்த மறைக்கல்வி வகுப்பிலும் வருடா வருடம் முதல் பரிசு எனக்குத்தான். எது அற்பப் பாவம், எது சாவான பாவம், எதற்கு எப்படி மன்னிப்பு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சாவான பாவத்தோடு செத்தால் நரகம் என்பதும், அதோடு நன்மை வாங்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. நன்மை என்று எங்கள் பக்கம் சொல்வது பூசையில் கொடுக்கும் நற்கருணையை. வெள்ளை அப்பம், வட்டமாக, காகிதம்போல் மெலிதாக இருக்கும்.

நோய் வருவதற்குச் சில மாதம் முன்பு, நாங்கள் போகும் கோயிலில் ஆன்ம வழிநடத்துதல் என்று ஒரு அறிவிப்பு வந்தது. இங்கே அதை ஸ்பிரிச்சுவல் டைரக்ஷன் என்கிறார்கள். அது குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் இல்லை, மனநல ஆலோசனையும் இல்லை. மாதம் ஒரு முறை ஒருவரோடு உட்கார்ந்து, அந்த மாதத்தில் கடவுளுக்கும் உனக்கும் நடுவே என்ன நடந்தது என்று பேச வேண்டும். எதிரே இருப்பவர் புத்திமதி சொல்ல மாட்டார். கேட்பார், அவ்வளவுதான். ஒரு வகுப்புக்குப் பெயர் கொடுப்பதுபோல் நான் பெயர் கொடுத்தேன்.

எனக்கு வாய்த்தவள் ஷாமினி. என் வயதுதான் இருக்கும். அவளுடைய அப்பா அம்மா யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவள் நடை பழகும் வயதிலேயே டெக்சஸ் வந்துவிட்டாள். வாரநாட்களில் பள்ளி ஆசிரியை. இந்த வேலைக்கென்று தனியாகப் பயிற்சி எடுத்திருந்தாள். தமிழில் பேசலாமா என்று நான்தான் கேட்டேன். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"என்ட தமிழ் அம்மாவின்ட குசினித் தமிழ்தான். ஜெபம், பைபிள் எல்லாம் எனக்கு இங்கிலீஷிலதான் வரும். பரவாயில்லையா?"

குசினி என்றால் அடுப்படி என்பது எனக்குத் தெரியும். பரவாயில்லை என்றேன்.

முதல் சில சந்திப்புகள் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தன. நான் தயாரித்துக்கொண்டு போவேன். அந்த வாரத்து பைபிள் வாசகத்தைப் பற்றி யோசித்ததை வரிசையாகச் சொல்வேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, உங்கட தலை சொன்னதைக் கேட்டிட்டன். மனசுக்குள்ள என்ன இருந்தது?" என்பாள். நன்றாக இருந்தது என்பேன். "நன்றாக எண்டால்? சந்தோஷமா? பெருமையா? பயமா?" என்று விடாமல் கேட்பாள். கடவுள் நம்மோடு பேசுவது பெரும்பாலும் மனதின் அசைவுகளில்தான் என்றும், எந்த உணர்ச்சியையும் நல்லது கெட்டது என்று முதலிலேயே தள்ளிவிடாமல் அது எங்கே இழுத்துப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். எனக்கு அது அவ்வளவாகப் பிடிபடவில்லை. எங்கள் வீட்டில் உணர்ச்சிக்குப் பஞ்சமே கிடையாது. அழுகை, சண்டை, சிரிப்பு எல்லாமே தெருவுக்குக் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் காதைப் பொத்திக்கொண்டு படித்து வந்தவள் நான்.

அப்புறம்தான் செருப்பு.

அதற்கு முன்னால் ஒரு வாரம் வயிறு சரியில்லாமல் இருந்து, தானாகவே சரியாகியிருந்தது. அதற்கும் காலுக்கும் தொடர்பு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? பாதம் மரத்தது. இரண்டு நாளில் முழங்கால் துவண்டது. எங்கள் அபார்ட்மென்ட் மாடியில். படியில் ஏறும்போது கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் கிளாட்வின் தூக்கிக்கொண்டு போய் காரில் போட்டார். அவசரப் பிரிவில் கூட்டம். தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. கிளாட்வின் என் கால்களைத் தன் மடியில் வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தார். அமுக்குவது எனக்குத் தெரியவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

நரம்பியல் மருத்துவர் ஒரு பெண். சின்ன ரப்பர் சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார். கால் அசையவில்லை. இன்னொரு தடவை தட்டினார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் சுத்தியலைப் பையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருத்துவர் உட்கார்ந்தால் பெரிய விஷயம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நோய்க்குப் பெயர் கில்லன்-பாரே. வயிற்றில் புகுந்த கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் சொந்தப் படை, அடையாளம் குழம்பி, நரம்புகளின் மேலுறையை அரிக்க ஆரம்பித்துவிடுகிறது. மின்கம்பியின் மேல் இருக்கும் ரப்பர் உறை போனால் மின்சாரம் ஒழுங்காகப் போகாதல்லவா, அதுபோல மூளை சொல்வது தசைக்குப் போய்ச் சேராது. காலில் ஆரம்பித்து மேலே ஏறும். எது வரை ஏறும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலானவர்களுக்குத் திரும்பிவிடும், மெதுவாக. மூச்சுத் தசை வரை ஏறினால்தான் ஆபத்து. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்து நோயை உறுதி செய்தார்கள். முகம் தெரியாத பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அதற்குக் காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதி வாங்க, தாழ்வாரத்தில் நடந்துகொண்டே கிளாட்வின் போனில் பேசியது கேட்டுக்கொண்டிருந்தது. என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மருந்து வேலை செய்ய நாளாகும். அதுவரை ஏறுவது ஏறும். கை போனது. விரல், பிறகு மணிக்கட்டு. அடுத்து முகம். இதைத்தான் என்னால் விளக்கவே முடிவதில்லை. முகத்தின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உறைந்துவிட்டது. சிரிக்க முடியாது, நெற்றியைச் சுருக்க முடியாது, கண்ணை முழுதாக மூட முடியாது. மூடாத கண்ணிலிருந்து நீர் தானாக வழிந்துகொண்டே இருக்கும். செவிலி துடைத்து, களிம்பு தடவி, தூங்கும்போது இமையை டேப் போட்டு ஒட்டிவிடுவார். வலி எவ்வளவு என்று காட்டுவதற்குச் சிரித்த முகத்திலிருந்து அழுத முகம் வரை படம் போட்ட அட்டை ஒன்று அங்கே இருக்கும். அதில் இருந்த எந்த முகமும் என்னிடம் இல்லை. நான் அழுகிறேனா, கண் ஒழுகுகிறதா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் எனக்கும் தெரியாமல் போனது. எவ்வளவு அமைதியாக இருக்கிறாய் என்று ஒரு செவிலி என்னைப் பாராட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் ஷாமினி போன் செய்தாள். கிளாட்வின் போனை என் காதருகே தலையணையில் வைத்துவிட்டுக் காபி வாங்கப் போனார். அவள் வழக்கம்போலக் கேட்டாள், மனசுக்குள்ள என்ன இருக்கு என்று. முதல் தடவையாக என்னிடம் தயாரித்த பதில் இல்லை.

"எனக்கு ஆண்டவர் மேல கோபமா இருக்கு, ஷாமினி" என்றேன். "வெறுப்பா இருக்கு. நான் அவர்கிட்ட எதையுமே கேட்டதில்ல. எல்லாத்தையும் நானே செஞ்சேன். என் காலையும் கையையும் மட்டும் விட்டுவச்சா போதும்னு இருந்தேன். அதையும் எடுத்துக்கிட்டாரு."

அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குரலில் அவள் சொன்னாள்:

"பாவம்."

அவ்வளவுதான். அடுத்த வார்த்தை வருவதற்குள் நரம்புப் பரிசோதனைக்குக் கொண்டுபோக ஆள் வந்துவிட்டார். போனை அணைத்துவிட்டு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்.

அந்தப் பரிசோதனையில் கையிலும் காலிலும் சின்னச் சின்ன மின்அதிர்ச்சி கொடுத்து, அது எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று அளப்பார்கள். அசையாத கால் ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் துள்ளும். நான் துள்ள வைக்கவில்லை, அது துள்ளுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னதை நினைத்தேன். பாவம். கடவுளை வெறுப்பது சாவான பாவம். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? முதல் பரிசு வாங்கியவள் நான். இத்தனை மாதம் எந்த உணர்ச்சியையும் தள்ளாதே என்று சொன்னவளே, நான் ஒன்றைச் சொன்னதும் அதற்கு உரிய பெயரை வைத்துவிட்டாள்.

சரி, பாவம் என்றால் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டியதுதானே? அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மன்னிப்புக்கு மனஸ்தாபம் வேண்டும். செய்ததற்கு உள்ளபடியே வருந்த வேண்டும். வருத்தமில்லாமல் செய்கிற பாவசங்கீர்த்தனம் செல்லாது. உத்தம மனஸ்தாப ஜெபத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். வருந்துகிறேன் என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். எனக்கு வருத்தமில்லை. கோபம் அப்படியே இருந்தது. இல்லாத வருத்தத்தை எங்கிருந்து கொண்டுவருவது? கையைத் தூக்கு என்று மருத்துவர் சொல்வதும், வருத்தப்படு என்று மறைக்கல்வி சொல்வதும் எனக்கு ஒன்றாகிவிட்டன. இரண்டையும் செய்ய முடியவில்லை. நோயோ மேலே ஏறிக்கொண்டிருந்தது. இது மார்புக்கு வந்துவிட்டால் இப்படியே, இந்த வெறுப்போடேயே, போய்ச் சேருவேன் என்று தோன்றியது. சாவுக்குக்கூட அவ்வளவு பயமில்லை. எந்த நிலையில் சாவேன் என்பதற்குத்தான் பயம்.

அம்மா தினமும் வீடியோவில் வருவாள். விசா கிடைக்க வழியில்லை, போனில் அழத்தான் முடியும். அன்றைக்கு அழவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள்.

"மாதாகிட்ட சண்ட போட்டுட்டு வாரேன்" என்றாள். "எம்புள்ளைய இப்படிப் போட்டு வச்சிருக்கியே, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சுன்னு கேட்டுட்டேன். மெழுகுத்திரி ஏத்தல. நீ குணமானாதான் ஏத்துவேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அம்மா மறைக்கல்வி படிக்கவில்லை, அவளுக்கு இதெல்லாம் கணக்கில் வராது என்று நினைத்துக்கொண்டேன். படித்தவளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஷாமினி நேரில் வந்தாள். நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோய்க் கொடுக்கக் கோயிலில் அனுமதி பெற்றவர்களில் அவளும் ஒருத்தி. கழுத்தில் தொங்கிய சின்னப் பையிலிருந்து தங்க நிறச் சிமிழை எடுத்து, வெள்ளைத் துணி விரித்து மேசையில் வைத்தாள். வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டாள். எனக்கு வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு வேண்டும்போல் அதுவரை இருந்ததே இல்லை.

"வயிறு ஒரு மாதிரி இருக்கு. இன்னைக்கு வேண்டாம்" என்றேன். உதடு ஒட்டாததால் சொற்கள் குழறின.

அவள் சிமிழை மூடினாள். "வேற ஏதும் கதைக்கவேணும்போல இருக்கா? அண்டைக்கு நீங்கள் சொன்னது…"

"இல்ல. இப்ப சமாதானமா இருக்கேன்."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த முகத்தில் சமாதானம் தவிர வேறொன்றும் இருக்க வழியில்லை. அவள் நம்பியிருக்க வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

மூச்சைச் சோதிக்கத் தினமும் ஒருவர் வருவார். ஆழமாக மூச்சிழுத்து, ஒரே மூச்சில் முடிந்தவரை எண்ணச் சொல்வார். நான் தமிழில் எண்ணுவேன். அவருக்கு மொழி புரியாது, விரல் மடக்கிக் கணக்கு வைத்துக்கொள்வார். எண்ணிக்கை ஒவ்வொரு நாளும் குறைந்தது. ஒரு நாள் பத்தைத் தொடுவதற்கே திணறினேன். அவர் மடக்கிய விரல்களைப் பார்த்துவிட்டு வெளியே போனார். வெகு சீக்கிரம் ஆட்கள் வந்தார்கள். என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அங்கிருந்த மருத்துவர் தெளிவாகச் சொன்னார். மூச்சுத் தசைகள் களைத்துவிட்டன. முழுதாக நிற்பதற்கு முன்பே தொண்டை வழியாகக் குழாய் விட்டு இயந்திரத்தோடு இணைத்துவிடுவது நல்லது. சில நாளாகலாம், சில வாரமாகலாம். குழாய் இருக்கும்வரை பேச முடியாது. மாலைக்குள் செய்துவிடலாம், அதற்குள் பேச வேண்டியவர்களிடம் பேசிவிடு என்றார். நல்ல மனிதர். ஆனால் அதைக் கேட்டதும் கிளாட்வின் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அம்மாவிடமும் அப்பாவிடமும் பேசினேன். பேசியது குறைவு, மூச்சு போதவில்லை. யாரிடமாவது பேச வேண்டுமா என்று கிளாட்வின் மறுபடி கேட்டார். ஷாமினி என்றேன். வேலையை விட்டுவிட்டு நேராக வந்துவிட்டாள். கழுத்தில் பள்ளி அடையாள அட்டை அப்படியே தொங்கியது.

இருந்த மூச்சை இரண்டிரண்டு சொல்லாகச் செலவழித்துச் சொன்னேன். "நீங்க சொன்னது சரி. அது பாவம்தான். ஆனா வருத்தம் வரல. வர மாட்டேங்குது. இப்படியே போயிட்டா என்ன ஆகும்?"

அவள் குனிந்து காதை என் வாயருகே கொண்டுவந்தாள். "விளங்கேல்லை, அமலி. நான் என்ன சொன்னனான்?"

"பாவம்னு சொன்னீங்க. போன்ல."

"ஓம், சொன்னனான். பாவம்தானே நீங்கள்."

நான் கண்ணை அகல விரித்துப் பார்த்தேன். அது ஏற்கெனவே விரிந்துதான் இருந்தது. அவளும் விழித்தாள். கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற கிளாட்வின்தான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஷாமினி" என்றார். "பாவம்னா உங்களுக்கு என்ன?"

"பாவம் எண்டால்… புவர் திங். பூனைக்குட்டி மழையில நனைஞ்சா அம்மா சொல்லுவா, பாவம் எண்டு."

"வேற அர்த்தம் இல்லையா?"

"வேற என்ன அர்த்தம்?"

"எங்களுக்குக் கோயில்ல அதான் சின். சின்னுக்குத் தமிழ்ல பாவம்."

ஷாமினிக்கு அது போய்ச் சேர ஒரு கணம் பிடித்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு மறைக்கல்வி தமிழில், அவளுக்கு ஆங்கிலத்தில். பாவம் என்ற சொல் அவளிடம் வந்துசேர்ந்தது குசினி வழியாக மட்டும், என்னிடம் இருந்ததோ கோயில் வழியாக வந்தது. என் வீட்டிலும் பாவம் என்று இரக்கப்படத்தான் செய்வார்கள். ஆனால் கடவுளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பொருள் எனக்கு எப்படித் தோன்றும்?

"ஐயோ, நான் அதைச் சொல்லேல்லை" என்றாள். "நீங்கள் கோபம் எண்டு சொன்னதும் எனக்கு அழுகை வந்திட்டுது. வேற சொல் வரேல்லை. அதைப் போய்… இவ்வளவு நாளும் நீங்கள் தனிய…"

கட்டில் கம்பியில் நெற்றியை வைத்து அழுதாள். வழிநடத்துகிறவர் அழலாமா என்று எனக்குத் தெரியாது. பயிற்சியில் என்ன சொல்லியிருப்பார்களோ. அவளுடைய முகம் சிவந்து, கோணி, மூக்கு ஒழுகி, என்னுடைய முகம் செய்ய முடியாத எல்லாவற்றையும் செய்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மருத்துவர்கள் தள்ளுவண்டியோடு வந்துவிட்டார்கள்.

குழாயோடு இருந்த நாட்களைப் பற்றி ஒழுங்காகச் சொல்ல என்னால் முடியாது. மயக்க மருந்தைக் குறைத்தபோதெல்லாம் விழித்திருந்தேன். விழித்திருந்தேன் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. மூக்கு அரித்தால் சொறிய முடியாது, அரிக்கிறது என்று சொல்லவும் முடியாது. ஒரு போர்வை மடிப்பு முதுகில் அழுத்தினால், யாராவது புரட்டிப் போடும்வரை உலகமே அந்த மடிப்புதான். இயந்திரம் நான் கேட்காமலே எனக்கு மூச்சு கொடுக்கும். என் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது கருவிழி மட்டும். ஆமாம் என்றால் மேலே பார்க்க வேண்டும், இல்லை என்றால் கீழே. கிளாட்வின் இரண்டு கேள்விகளை மாறி மாறிக் கேட்பார்: வலிக்கிறதா, திருப்பிப் போடச் சொல்லவா. என் தலைமுடியை அவரே பின்னக் கற்றுக்கொண்டார். கேவலமாகப் பின்னினார்.

ஷாமினி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தாள். முதலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு மதியம், கேட்கட்டுமா என்றாள். மேலே பார்த்தேன்.

"கோபமா?"

மேலே.

"இன்னும் ஆண்டவரிலயா?"

மேலே.

"பயம்?"

மேலே.

இப்படி ஒவ்வொன்றாகப் போனது. யோசித்துப் பார்த்தால், கண்ணால் ஒரு கருத்தைச் சொல்ல முடியாது. ஏன், எதனால், இருந்தாலும் என்று ஒன்றையும் சொல்ல முடியாது. உண்டு, இல்லை என்று உணர்ச்சியை மட்டும்தான் சொல்ல முடியும். என் தயாரித்த பதில்களுக்கு இனி வழியில்லை. கொஞ்ச நேரத்தில் அவளுக்குச் சொற்கள் தீர்ந்துவிட்டன.

"கவலை?" என்றாள்.

கிளாட்வின் குறுக்கிட்டார். "எந்தக் கவலை? கவலைன்னா வொரி."

"இல்லை, கவலை எண்டால் சாட்."

"அது சோகம்."

"சோகம் எல்லாம் படத்துல வாற தமிழ். ஆரும் அப்பிடிக் கதைப்பினமா?"

இருவரும் என் தலைக்கு மேலே வாதாடினார்கள். இரண்டு பொருளுக்குமே நான் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. சிரிப்பு வந்தது, வெளியே வர இடமில்லை. நெஞ்சு குலுங்கியதில் இயந்திரம் கத்தியது. செவிலி ஓடி வந்தார்.

அவர் போன பிறகு ஷாமினி கேட்டாள். "கிளாட்வின், ஹெல்ப்லெஸ் எண்டதைத் தமிழில எப்பிடிச் சொல்லுறது?"

அவர் யோசித்தார். "கையாலாகாத…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ஏன் நிறுத்தினார் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் அது நிலைமையைச் சொல்கிற சொல் இல்லை, வசவு. ஒன்றுக்கும் உதவாதவர்களைத்தான் கையாலாகாதவர்கள் என்பார்கள். உப்பளத்தில் கணக்குப்பிள்ளை என் அப்பாவைப் பார்த்து அப்படிச் சொன்னதைச் சின்ன வயதில் என் காதால் கேட்டிருக்கிறேன். என்னை ஒருவரும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்றுதான் அத்தனை படிப்பும் படித்தேன். கிளாட்வினுக்கும் அது தெரியும். "இல்ல, அது வேண்டாம், அது தப்பான வார்த்த" என்றார்.

நான் மேலே பார்த்தேன். அவர்கள் கவனிக்கும்வரை மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் எரிந்து நீர் கொட்டியது.

"அமலி" என்றார் கிளாட்வின். "அந்த மாதிரியா இருக்கு உனக்கு?"

மேலே.

ஷாமினி புத்திமதி சொல்லவில்லை, பைபிள் வசனம் எடுக்கவில்லை. கடவுளும் சிலுவையில் அப்படித்தான் என்று யாராவது ஆரம்பித்திருந்தால் என் கோபம் இரட்டிப்பாகியிருக்கும். அவள் ஆரம்பிக்கவில்லை. கிளாட்வின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். எனக்கும் அதே மாதிரிதான் இருக்கு என்று சொல்ல நினைத்திருப்பார். என்னைப்போலவே கண்ணை மட்டும் மேலே உயர்த்தி, கூரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து ஷாமினியும்.

அதற்குப் பிறகு நான் மனஸ்தாப ஜெபத்தை முயலவில்லை. வருத்தம் வரவில்லை, வரவழைக்கவும் இல்லை. கோபமா இருக்கு, கையாலாகாம கிடக்கேன் என்று ஆண்டவரிடமே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பதில் ஒன்றும் வரவில்லை. இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் பேசுவதை நிறுத்தவில்லை. முன்பு அவரைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அவரிடம் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

மருந்து ஒருவழியாக வேலை செய்ய ஆரம்பித்தது. இன்னும் ஏறாமல் நோய் நின்றது, பிறகு மிக மெதுவாக இறங்கத் தொடங்கியது. மூச்சுத் தசைகள்தான் முதலில் திரும்பின. குழாயை எடுத்தார்கள். எடுத்தவுடன் வந்த குரல் என்னுடையதாக இல்லை. கரகரவென்று வயதானவர் குரல்போல இருந்தது. கைகால் இன்னும் அப்படியே கிடந்தன. முகமும்தான். ஒருவர் வந்து, நான் விழுங்குவது சரியாக இருக்கிறதா, மூச்சுக்குழாயில் போய்விடுமா என்று சோதித்தார். கெட்டியான தயிர்போல ஒன்றைக் கரண்டியில் கொஞ்சமாகக் கொடுத்துத் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தார். சின்ன அளவில், மெதுவாக, நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்கலாம் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷாமினி அதே சிமிழோடு வந்தாள். துணி விரித்தாள். கேட்கத் தயங்கினாள். நானே சொன்னேன்.

"கோபம் போகல."

"தெரியும்."

"இப்படியே வாங்கலாமா?"

"என்னட்டக் கேட்டால் எனக்குத் தெரியேல்லை, அமலி" என்றாள். "உங்களுக்கு வேணும்போல இருக்கா?"

"இருக்கு."

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார்கள். அவள் அப்பத்தைக் கிள்ளி, நகக்கண் அளவு ஒரு துணுக்கை எடுத்தாள். கிறிஸ்துவின் உடல் என்று தமிழில் சொன்னாள், அதை யாரிடமோ கேட்டுப் பயின்று வந்திருக்கிறாள். ஆமென் என்பதற்கு எனக்கு உதடு தேவை, அது இல்லை. வெறும் மூச்சாக வந்தது. நாக்கில் வைத்தாள். வாயை மூட முடியவில்லை. கிளாட்வின் என் தாடைக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து மெல்ல உயர்த்தி மூடினார், உதட்டின் ஓரங்களை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்தத் துணுக்கு விழுங்க வரவில்லை. வறண்ட நாக்கில் ஒட்டிக்கொண்டது. என்னால் அதைத் தள்ளவும் முடியாது, துப்பவும் முடியாது. ஷாமினி துணியை மடிக்காமல் நின்றாள். கிளாட்வின் கையை எடுக்கவில்லை. அது தானாகக் கரையட்டும் என்று மூன்று பேரும் காத்திருந்தோம்.